கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளவும்

சுரபாயாவில் வடம் அவிழ்த்தபோது
இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்,
சீட்டில்லாத ஒரு சேவல்.

என் வேலை ஒலிபெருக்கி.
சோற்று வரிசை, தொலைந்த பிள்ளை, அடுத்த துறைமுகம்
எல்லாம் என் தொண்டை வழியேதான் போக வேண்டும்.
"கிப்லா தற்போது கப்பலின் பின்புறம், சற்றே வலம்."
ஐந்து வேளையும் சொல்கிறேன்,
ஞாயிறுதோறும் தேவாலயம் போகிற மானாடோக்காரி
மெய்ஸ்கே வோவோர்.
ஒரு தடவைகூடத் திசை பிசகியதில்லை.
சுக்கான் திரும்பினால் எனக்குத் தகவல் வரும்,
நான் சொல்ல
மேல்தளத்தில் நூறு பாய்கள் மெல்ல நகரும்.

மூன்றாம் தளத்தில் இரவு கிடையாது.
குழல்விளக்கை யாரும் அணைப்பதில்லை.
பச்சை ரெக்சின் மெத்தைகளில்
ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால்.
படிக்கட்டில் கிராம்புச் சிகரெட்டின் இனிப்புப் புகை;
"புகைக்காதீர்கள்" என்பதும் என் குரல்தான்.
யாரோ துரியான் கொண்டுவந்திருக்கிறார்கள்,
யார் என்று எல்லோருக்கும் தெரியும்.
வெந்நீர்க் குழாயடியில் கப் நூடுல்ஸோடு சண்டை:
திட்டு அவரவர் தாய்மொழியில்,
மன்னிப்பு பொதுமொழியில்.

அங்கேதான்
"கண்ணாடி, கவனம்" என்றெழுதிய பெட்டியில்
பூட்டோன் தீவுக் கொத்தனார் லா ஓடே ஹஸ்ருன்
சேவலை வைத்திருந்தான்.
சோரோங்கில் இருக்கும் தம்பிக்காம்.
எதற்கு என்று கேட்டால் சிரிப்பான்.

முதல் இரவு நாலு மணிக்குக் கூவியது.
மக்காசாருக்கு முன் நான் அறிவித்தேன்:
பயணிகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளவும்.
சேவல் ஐந்துக்குக் கூவியது.
பாவ்பாவ் தாண்டி, மறுபடியும் ஒரு மணி நேரம்.
சேவல் ஆறுக்கு.
சூரியனைப் பார்க்காத பிராணி
ஜாவாவின் நாலு மணியை
வயிற்றில் போட்டு வைத்திருந்தது.

பக்கத்து மெத்தை சுப்ரிஹாதின்.
கணவன் சோரோங்கில் பக்சோ வண்டி தள்ளுகிறான்.
மகனுக்கு சுரபாயாவில் மீன் டப்பா ஆலையில் இரவு வேலை.
தன் கைக்கடிகாரத்தை அவள் தொடவேயில்லை.
"நாலுக்கு அவன் கையுறையைக் கழற்றுவான்" என்றாள்,
நான் கேட்காமலே.
கூவல் கேட்கும்வரை விழித்திருப்பாள்,
கேட்டதும் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள்.

பண்டா கடலில் துணைக் கேப்டன் சோதனைக்கு வந்தார்.
டார்ச், இரண்டு காவலர், பின்னால் நான்.
பெட்டிக்குள் தொண்டை செருமும் சத்தம்.
சுப்ரிஹாதின் இருமினாள்.
பியாக் தீவின் யோசினா ரும்பியாக்
வெற்றிலைச் சிவப்பு வாயைத் திறந்து
அதைவிடப் பலமாக இருமினாள்.
பொந்தியானாக் துணி வியாபாரி,
விடுப்பு முடிந்து திரும்பும் பாத்தாக் சிப்பாய்,
மூட்டை மேலேயே படுத்திருக்கும் வெங்காயக்காரர்,
அவரோடு மூன்று நாளாகப் பேசாத அவர் மனைவி.
தளமே காசநோய் வார்டு ஆனது.
துணைக் கேப்டன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
கடைசியில் என்னை.
நானும் இருமினேன்.
பதினோரு வருடத்தில்
ஒலிவாங்கி இல்லாமல் நான் செய்த அறிவிப்பு
அது ஒன்றுதான்.

அம்போனில் ஒரு பாடகர் குழு ஏறி
விடிய விடியச் சுருதி பார்த்தது.
சேவலுக்கு அன்று சிரமமில்லை.

சோரோங்கில் நடுப்பகல்.
படகுத்துறையில் லா ஓடே பெட்டியைத் திறந்தான்.
சேவல் வெயிலை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
கூவவில்லை.
பக்சோக்காரன் கிழிந்த குடையோடு நின்றிருந்தான்.
சுப்ரிஹாதின் முதலில் கேட்டது, "இங்கே மணி என்ன?"
அவன் சொன்னான்.
அவள் தலையாட்டினாள், பையை அவனிடம் கொடுத்தாள்,
கடிகாரத்தைத் திருப்பவில்லை.

திரும்பும் வழியில்
பின்னே தள்ளவும் என்று அறிவிப்பேன்.
அதற்கு மட்டும் சிலர் கைதட்டுவார்கள்,
வராத கடன் வந்துவிட்ட மாதிரி.
காலி மெத்தையடியில் கொஞ்சம் மக்காச்சோளம் கிடக்கிறது.
பெருக்குகிறவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.